பாதியாக்கிய கழுத்து

பின்னல் ஊசிகள் டிக், டிக்கென்று இடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பாவின் ஸ்வெட்டர் அளவைக் குறைத்துக் குழந்தைக்குப் புதிதாக ஒன்று பின்ன வேண்டியிருந்தது. கம்பளி நூல் ஒரே பந்து, தவறினால் வேறு நூலில்லை.

"எல்லாத்தையும் பாதியாக்கு," என்றது இஞ்ச் டேப்.

"கழுத்தையுமாண்ணே? குழந்தைன்னா தலைதானே பெரிசு. ஒரு தடவை தலையைச் சுத்தி அளந்து பாருங்களேன்," என்றது ஊசி.

"குத்துறதோட நிறுத்திக்க. கணக்கு என் உடம்புலயே அச்சடிச்சிருக்கு."

ஊசி பாதிக் கணக்கிலேயே பின்னி முடித்தது.

ஸ்வெட்டர் குழந்தையின் உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது. குழந்தை வீடதிர அழுதது. ஸ்வெட்டரை வெந்நீர் ஃபிளாஸ்க்குக்கு மாட்டினார்கள், கழுத்து கச்சிதம்.

இஞ்ச் டேப்பால் கொல்லையில் தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டியிருக்கிறார்கள்.