கோட்டைத் தாண்டாமல்

"வண்டிய ஓரங்கட்டு! சாவிய எடு!"

கான்ஸ்டபிள் காஞ்சனா கையை நீட்டியதும் அந்த பைக் சமர்த்தாக ஓரமாக வந்து நின்றது.

கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்கு வரும் சாலை. காலை பத்து மணி. பைக் தூரத்தில் கண்ணில் பட்டதிலிருந்தே அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டுக்கும் சாலை ஓரத்துக்கும் இடையில் நெளிந்து நெளிந்து வந்தது. போலீஸைப் பார்த்தால் எவனும் நேராகிவிடுவான். இவன் கூடுதலாக இரண்டு வளைவு போட்டான்.

"இன்னாப்பா, ரோட்டுல கோலம் போட்டுகினு வர்ற? குடிச்சிருக்கியா?"

"இல்ல மேடம். காலைலேர்ந்து டீகூட குடிக்கல."

ஊதச் சொன்னாள். ஊதினான். கருவி ஒன்றும் காட்டவில்லை.

"நான் கோட்ட தாண்டல மேடம். என் பாதைக்குள்ளதான் ஆடிகினு வந்தேன்."

"உன் பாதையா? உங்க நைனா போட்டு குடுத்ததா? பின்னாடி வர்ற லாரிக்காரன் எந்தப் பக்கம் பாத்து உன்ன தாண்டுவான்? ஹெல்மெட்ட கழட்டு. லைசென்ஸ குடு."

ஹெல்மெட்டைக் கழற்றினான். காஞ்சனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதே மீசை, அதே முன்பல். லைசென்ஸைப் பார்த்தாள். டில்லிபாபு, பொதட்டூர்பேட்டை. இரண்டு நாளுக்கு முன்பு அவளுடைய அப்பா போனில் அனுப்பிய படத்தில் இருந்தவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வரப்போகிறவன்.

அவனுக்குப் போயிருப்பதோ பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக அவள் எடுத்துக்கொண்ட படம். இப்போது தொப்பி, லாரிப் புழுதிக்காகக் கட்டிய மாஸ்க், பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பச்சை ஜாக்கெட். அவனுக்கு எப்படித் தெரியும்?

காஞ்சனா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். இதுவரை மூன்று இடம் வந்து போயிருந்தது. மூவரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பொண்ணு போலீஸ் வேலைய விட்டுடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஓடியும் தாண்டியும் வாங்கிய காக்கிச்சட்டை அது. நடுக்கூடத்தில் நாலு பேர் எதிரில் கேட்டால் எவனும் வழவழவென்றுதான் பேசுவான். இங்கே, போலீஸ் எதிரில், உண்மை தானாக வரும்.

நோட்டைத் திறந்தாள். "புதுசா ஒரு ஃபாரம் வந்திருக்கு. கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லு. இன்னா வேலை?"

"அரக்கோணத்துல டிராக்டர் ஒர்க் ஷாப்புல மெக்கானிக்குங்க."

"கல்யாணம்?"

"பாத்துகினு இருக்காங்க."

"சமைக்கத் தெரியுமா?"

"இது எதுக்கு மேடம்?"

"ஃபாரத்துல இருக்கு."

ஜீப்பில் சாய்ந்திருந்த ஏட்டு பஞ்சாட்சரத்துக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ரசம் வைப்பேன். மீன் கொழம்பு சுமாரா வரும்" என்றான் டில்லிபாபு, கையைக் கட்டிக்கொண்டு.

"கட்டிக்கிற பொண்ணு வேலைக்குப் போனா?"

"போகட்டும் மேடம். கஷ்டப்பட்டு வாங்குன வேலைய யாருனா விடுவாங்களா?"

அந்தப் பதிலை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். "நைட் டூட்டி வந்தா?"

"நானே கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்."

"இப்படித்தான், பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சா?"

"பின்னாடி ஆள் இருந்தா நேரா போவேன் மேடம்."

மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அவள் சிரிப்பை அவன் பார்த்திருப்பான்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் புளியமரம் வரைக்கும் நேரா ஓட்டிகினு போய்ட்டு வா. பாக்குறேன்."

போனான், வந்தான். நூல் பிடித்த மாதிரி ஓட்டினான். பஞ்சாட்சரமே, "அடேங்கப்பா" என்றார்.

"இவ்ளோ நல்லா ஓட்டுறவன் எதுக்குடா ஆடிகினு வந்த?" என்று கேட்டாள் காஞ்சனா.

அவன் தலையைச் சொறிந்தான். "தப்புதான் மேடம். இனிமே செய்யமாட்டேன்."

"இன்னொரு வாட்டி பாத்தா வண்டி ஸ்டேஷனுக்குத்தான் போகும். கெளம்பு."

பைக் மலைக்கோயில் பக்கம் நேராகப் போய் மறைந்தது. காஞ்சனா மாஸ்க்கை இறக்கிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"நைனா, ஞாயித்துக்கெழம அவங்கள கண்டிப்பா வரச் சொல்லு. எனக்குப் புடிச்சிருக்கு."

"அதுக்குள்ள எப்படிம்மா? நீ அவன நேர்ல பாக்கவே இல்லியே?"

"பாத்துட்டேன். இங்கதான் மாட்டினான். நான் யாருன்னே தெரியாம, கையக் கட்டிகினு நின்னு அவ்ளோ உண்மையும் கக்கிட்டுப் போறான். வேலைய விட வேணாமாம் நைனா! மீன் கொழம்புகூட வைப்பானாம்!"

அந்தப் பக்கம் அப்பா விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"இன்னா நைனா சிரிக்கிற?"

"நேத்தே எனக்குப் போன் பண்ணான்மா. 'நாலு பேர் நடுவுல பொண்ணாண்ட ஒண்ணும் பேச முடியாது, முன்னாடியே ரெண்டு வார்த்தை பேசணும், இன்னா பண்ணலாம் மாமா'ன்னு கேட்டான். நேரா வந்து நின்னா நீ மொறைச்சே அனுப்பிடுவே. அதான், 'அவ டூட்டியில நிக்கிற ரோட்டுக்குப் போ, கோட்ட மட்டும் தாண்டாத, நெளிஞ்சு நெளிஞ்சு ஓட்டு, அவளே நிறுத்தி அரை மணி நேரம் பேசுவா'ன்னு சொல்லிக் குடுத்தேன். ஆனா சத்தியமா சொல்றேன்மா, நான் சொல்லிக் குடுத்தது வண்டி ஓட்டுறத மட்டும்தான், பதிலெல்லாம் அவன் சொந்தச் சரக்கு!"