எட்டாவது மூடி

எண்ணெய் கம்பெனியில் பாட்டில் மூடி வடிவமைப்பதுதான் அவர் வேலை. தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரே ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தானாக அடைத்துக்கொள்ளும், கழற்றவும் முடியாத புது மூடியை மேனேஜர் முன் வைத்தார்.

“வீட்டுல வெச்சுப் பார்த்தீங்களா?”

“என் மனைவி பார்த்தா சார். முந்தின ஏழையும் கரிச்சுக் கொட்டினவ, இதுக்கு ஒரு மாசமா வாயே திறக்கலை.”

“அப்ப இதுதான். லட்சம் மூடிக்கு ஆர்டர் போட்டுடறேன்.”

தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவர், அடுப்படியில் இருந்த பாட்டிலை ஆசையாகக் கையில் எடுத்தார். பின்பக்கம், கழுத்துக்குக் கீழே, காய்ச்சிய கம்பியால் போட்ட ஓட்டை. அதை அடைத்து ஒரு துண்டுத் துணி.

“என்னம்மா இது?”

“உங்க மூடி நல்லாத்தாங்க இருக்கு,” என்றாள், வெங்காயத்தை வதக்கியபடியே. “நான் அதைத் தொடறதே இல்லை.”