நாமம் நேராட்டு இருக்கா?

"ஏட்டி, எனக்க நாமம் நேராட்டு இருக்கா?" முருகதாஸ் மனைவியிடம் நெற்றியைக் காட்டினார்.

"கொஞ்சம் சரிஞ்சிருக்கு." முத்துக்கனி ஈரத்துணியால் துடைத்துத் திருத்தினாள். "எனக்க வகிடு?"

"சரியாத்தான் இருக்கு."

அவள் மழித்துவிட்ட தாடையில் ரத்தம் கசிந்ததை அவர் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கும்பிடப் போகும்போது ஆண்கள் கட்டும் தலைப்பாகையையும் அவளே கட்டிவிட்டாள். பிறகு அவர் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டரைப் பள்ளங்களை விலக்கி விலக்கி ஓட்டினார்.

நிழல்தாங்கலுக்கு வெளியே ஊரே நின்றது. யாரும் உள்ளே போகவில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து எந்தக் கண்ணாடியிலும், போன் கேமராவிலும் மனிதர்கள் தெரிவதில்லை. சுவர் தெரிகிறது, கட்டில் தெரிகிறது, ஆள் இல்லை. ஏனென்று ஒருவருக்கும் புரியவில்லை. கோட்டாற்றில் புதிதாக வாங்கிய கண்ணாடியும் அப்படியே. அய்யாவழிக்காரர்களின் தாங்கலில் சிலை கிடையாது. இருபுறமும் விளக்கெரியும் கண்ணாடி முன்னால் நின்று, தனக்குள் இருக்கும் கடவுளைத்தான் கும்பிட வேண்டும். அங்கேயும் தெரியாவிட்டால்?

முத்துக்கனி மட்டும் விறுவிறுவென்று உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள்.

"முகம் தெரிஞ்சுதா?"

"இல்ல. ரெண்டு வெளக்குதான் தெரிஞ்சுது."

முருகதாஸ் தலைப்பாகையை அவிழ்க்கப் போனார்.

"அவுக்காதீங்க. நான் அழுது பெருமூச்சு விட்டப்போ, கண்ணாடிக்குள்ள ரெண்டு வெளக்கும் ஆடிச்சு."