பதில் இல்லை என்றால் முடிந்தது

காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் அது. அங்கே வரும் புகார்களைப் பின்தொடர மென்பொருள் வடிவமைத்தவள் மாதங்கி. வாடிக்கையாளரை ஒரு கட்டமாகவும் புகாரை இன்னொரு கட்டமாகவும் வரைந்து, நடுவே கோடுகள் இழுத்தாள். மூன்று முறை அழைத்தும் வாடிக்கையாளர் போனை எடுக்காவிட்டால் புகார் தானாக முடிந்துவிடும் என்று அவள் எழுதிய விதியை எல்லோரும் பாராட்டினார்கள். தேங்கிக் கிடந்தவை சீக்கிரமே பாதியாகக் குறைந்தன.

ஒரு நாள் தெய்வானை என்ற பெண் வந்து, வேலை செய்யாத கருவியை மாதங்கியின் மேசைமேல் வைத்தாள்.

“ரிப்பேர்னு நேர்ல வந்து சொன்னேன். ஆள அனுப்புறோம்னீங்க. ரெண்டு மாசமா வாசலையே பாத்துட்டு இருந்தேம்மா. இனி இது எனக்கு வேணாம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்து எங்க வீட்டுக்காரரு உசுரு போறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்காரு. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கு. நான் அடுப்படியிலதான் நின்னேன்.”

மாதங்கி திரையில் அவள் புகாரைத் தேடி எடுத்தாள். மூன்று அழைப்புகள், பதில் இல்லை, முடிந்தது. காது கேளாதவளுக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றாள்.

தெய்வானை அவள் உதடுகளையே உற்றுப் பார்த்தாள்.

“என் தப்புதாம்மா! மன்னிச்சிடுங்க!” என்று மாதங்கி கத்தினாள். அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது.

“ரசீதெல்லாம் வேணாம்மா” என்று சொல்லி, கருவியை மேசையிலேயே விட்டுவிட்டுத் தெய்வானை படியிறங்கினாள்.