சிங்காரத்தின் புகார்

"இன்னாம்மா இது? போன வருசம் வேலை செஞ்சதுக்கு இந்த வருசம் இன்னா கேடு?"

பழவேற்காடு கம்ப்யூட்டர் சென்டரே அதிரும்படி கத்தினார் சிங்காரம். மீனவர் சங்கத் தலைவர் அவர். ஏரியில் பாடு, அதாவது முறை வைத்து வலை போடும் உரிமை, உள்ள குடும்பங்களின் பட்டியலில் அவருடைய மின் கையெழுத்து விழுந்தாக வேண்டும். மீன்வளத்துறைக்கு அதை அனுப்ப நாளை கடைசி நாள்.

"கையெழுத்துக்கு பிளகின்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் வேணும் தலைவரே. பிரவுசர் அத்த பிளாக் பண்ணிடுச்சு, கேட்டா புதுச் சட்டமாம்" என்றாள் சென்டர் நடத்தும் பெனிட்டா.

"தொறந்து வுடேன்."

"முன்ன அதுக்கு ஒரு பட்டன் இருந்துச்சு. இப்ப அதையும் எட்த்துட்டாங்க. நாளைக்கு நீங்களே பொன்னேரி ஆபீசுக்குப் போயி பேப்பர்ல போட்டாத்தான் உண்டு."

"நாளைக்கு என் பாடும்மா! வுட்டா பதினஞ்சு நாளு வலையக் காயப் போட வேண்டியதுதான்."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது சிங்காரத்துக்கு.

"அந்த பிரவுசர்காரனுக்குப் புகார் அனுப்ப எடம் கீதா? நான் சொல்றேன், நீ அடி."

அவர் திட்டியதையெல்லாம் பெனிட்டா மரியாதையான தமிழுக்கு மாற்றிப் படித்துக் காட்டினாள்.

"இத்தனை வருடம் புழங்கியதை ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டீர்கள். கேட்டால் சட்டம் என்கிறீர்கள். மாற்று வழியும் காட்டவில்லை. இதை நம்பிப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்?"

"ஷோக்கா கீது!" சிங்காரத்துக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

ஜெராக்ஸ் எடுக்க வந்து பெஞ்சில் காத்திருந்த செவ்வந்தி எழுந்து வந்தாள். அவரது ஊர்க்காரிதான். புருஷன் இறந்து ஆறு மாதம் ஆகிறது.

"பெனிட்டா, அதுல எனக்கு ஒரு பிரிண்ட் குடும்மா."

"உனக்கு எதுக்குக்கா?"

"கீழ எம்பேரப் போட்டு இந்த அண்ணனாண்டயே குடுக்கணும். ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு இல்லைனு போன மாசம் எங்க பாட்ட நிறுத்திட்டாரு. எந்தம்பி வலையோட ஏரிக்குப் போனப்பதான் எங்களுக்கே தெரியும். எனக்கு இவ்ளோ ஷோக்கா எழுத வரல."

பெனிட்டா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். சிங்காரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரையில் இருந்த புகாரை இன்னொரு தரம் படித்தவருக்குக் கடைசியில் அவரை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"புகார் கெடக்கட்டும், பட்டியலத் தொறம்மா. நல்லவேள, இன்னும் கையெழுத்து வுழல. ஒரு பேரு வுட்டுப் போயிருக்கு, செவ்வந்தினு சேத்துக்க."