குருத்துக்குள் ஒன்று

பட்டுப்புழு மனைக்குள் கால் வைத்ததுமே அவளுக்குத் திக்கென்றது.

இலை தின்னும் சத்தம் இல்லை.

விடிகாலையில் போட்ட மல்பெரி இலை பாதி தின்றபடி கிடந்தது. அதன்மேல் பட்டுப்புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. வாயில் பச்சை நீர்.

மருந்து.

நாளை மறுநாள் கூடு கட்ட வேண்டியவை. அதற்கான வலைகளை வாங்கத்தான் நேற்று மாலை உடுமலைக்குப் போயிருந்தாள். இந்த முறையும் கூடு வராவிட்டால் மல்பெரியைப் பிடுங்கிவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

வரப்பைத் தாண்டினாள். கொழுந்தன் பூபதியின் மக்காச்சோளக் காடு. தாள்களில் மருந்து திட்டுத் திட்டாய்க் காய்ந்திருந்தது. நேற்று அவள் இல்லாத நேரத்தில் ட்ரோன் விட்டு அடித்திருக்கிறான். அதுவும் மேற்கேயிருந்து மேகாற்று அவள் மல்பெரிமேல் வீசுகிற மாதத்தில்.

மருந்து அடிப்பதென்றால் முதல் நாளே பக்கத்துப் புழுக்காரரிடம் சொல்லிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் பகையாளிகூடச் சொல்லிவிடுவான்.

ஒரு குருத்தைப் பிரித்தாள்.

உள்ளே, எச்சத்துக்கு நடுவே, படைப்புழு. கொழுகொழுவென்று. உயிரோடு.

இதைக் கொல்லத்தான் அந்த மருந்து.

அவளுடைய புழுவுக்கு இலையைத் தேடிப் போகக்கூடத் தெரியாது. வாய்க்கு நேரே போட வேண்டும். ஆயிரம் ஒன்றாய்க் கிடந்தாலும் ஒன்றையொன்று கடிக்காது.

இது அப்படியில்லை. ஒரு குருத்தில் ஒன்றுதான் தங்கும். கூட ஒன்று வந்தால் அதையும் தின்றுவிடும்.

ஊட்டி வளர்த்தவை அங்கே செத்துக்கொண்டிருக்கின்றன. இந்தச் சனியன் இங்கே சௌக்கியமாக இருக்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூபதி வரப்பில் வந்து நின்றான். முகத்தை ரொம்பவும் பாவமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லோணும்னுதான் இருந்தனுங்க அண்ணி. மறந்து போச்சு. மனசை உட்டுராதீங்க. உங்க காட்டுக்கும் சேத்தி மக்காச்சோள வெதை வாங்கி வெச்சுட்டனுங்க."

"எப்ப வாங்குன?"

"போன வாரமேங்க" என்றான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

புழு சாவதற்கு முன்பே விதை வாங்கியிருக்கிறான். திட்ட வாயெடுத்தால் நிறுத்த முடியாது.

குருத்திலிருந்த படைப்புழுவை விரலால் எடுத்தாள்; நசுக்கவில்லை. புழு ஏறாத, ஓட்டை விழாத குருத்தாக ஒன்றைத் தேடி, அவன் பார்க்கப் பார்க்க, அதற்குள் விட்டாள்.

பிறகு வேறொரு நல்ல குருத்துக்கு மாற்ற, இன்னொரு புழுவை எடுக்க அடுத்த குருத்தைப் பிரித்தாள்.