படம் தெரிந்தால் போதும்

“நேத்து ராத்திரி வரைக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தார் தம்பி,” என்று சொல்லி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்த, தலையில் மாட்டிப் படம் பார்க்கும் வி.ஆர். கண்ணாடியை மேசை மேல் வைத்தாள் அந்தப் பெண். “எப்படியாவது படம் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் பதியும் பஞ்சு நைந்து, நெற்றி படும் இடம் வேர்வையில் கறுத்துப் போயிருந்தது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது, உள்ளே ஒரே இருட்டு.

“யாருதுக்கா இது? பையனா?”

“வீட்டுக்காரர்.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் சும்மா இருக்குமா? “பரவாயில்லையே, அண்ணன் நல்லா விளையாடுவார் போல.”

“விளையாடினாத்தான் தேவலையே. வேலை பார்த்த கம்பெனியை மூடினதுல இருந்து இதை மாட்டிக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்துடுவார். காலையில மாட்டினா தூங்கப் போறப்பதான் கழட்டுவார். தட்டைக் கையில குடுத்து, இந்தப் பக்கம் இது இருக்கு, அந்தப் பக்கம் அது இருக்குன்னு சொல்லணும்.”

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

“போன மாசம் பொண்ணு ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கிட்டு வந்தா. அப்பா, தொட்டுப் பாருங்கன்னு எதிர்ல நின்னா. தலையை ஆட்டினார். அவ நின்னது ஒரு பக்கம், இவர் ஆட்டினது வேற பக்கம்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “இன்னைக்குக் காலையில தூங்கிட்டிருந்தப்ப எடுத்துட்டு வந்துட்டேன். இப்பதான் பொண்ணு போன் பண்ணினா. முழிச்சு எழுந்து, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அதே நாற்காலியில உட்கார்ந்திருக்காராம். பல்லுகூட விளக்கலை. சாயந்திரத்துக்குள்ள குடுத்துடுவீங்களா?”

“பார்ப்போம்க்கா. உட்காருங்க.”

பஞ்சை உரித்தான். பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் விட்டு ஒவ்வொரு கொக்கியாக நெம்பினான். அடியில் இருந்த குட்டித் திருகுகளைப் பார்த்ததுமே முகம் சுளித்தான். கத்தி முனையை விட்டுத் திருகியது போல நாலின் தலைகளும் சிதைந்து கிடந்தன.

ஒருவழியாக அவற்றைக் கழற்றி, இரண்டு லென்ஸையும் தூக்கி வைத்தான். பின்னால் தபால்தலை அளவில் இரண்டு திரைகள். அவற்றிலிருந்து சர்க்யூட் பலகைக்குப் போகும் பட்டை ஒயர்கள் இரண்டும் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தன. வெட்டிய ஓரத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. வேர்வை படும் சாமான், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழில் தெரியாதவன் எவனோ கைவைத்துக் கெடுத்த சாமான், கடைசியில் இவன் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி வேற கடையில குடுத்தீங்களா?”

“இல்ல தம்பி. எந்தக் கடைக்கும் போகலை.”

அவன் நம்பவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தெரியாதவனிடம் கொடுத்துக் கெடுத்துக்கொண்டு வருவார்கள், கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். இவளும் தரையைத்தான் பார்த்தாள்.

பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒட்டிப் பார்க்க உட்கார்ந்தான். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் முடியைவிட மெல்லிசாக நாற்பது இழைகள். இரண்டை ஒட்டினால் மூன்றாவது பிய்ந்தது. சாப்பிடக்கூடப் போகாமல் இரண்டு மணி நேரம் போராடினான். தெரிந்த மூன்று பேருக்குப் போன் போட்டுப் பார்த்தான். இந்த மாடலை நிறுத்தி நாளாகிவிட்டது, திரை எங்கேயும் கிடைக்காது என்று மூன்று பேரும் கையை விரித்தார்கள்.

அத்தனை நேரமும் அவள் ஸ்டூலை விட்டு அசையவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடியாதுக்கா. உயிர் போயிடுச்சு.”

“ஒரு கண்ணுக்காவது?”

“என்னது?”

“ரெண்டு பக்கமும் வேண்டாம் தம்பி. ஒரு பக்கம் தெரிஞ்சாப் போதும். படம் இல்லேன்னாலும் பரவாயில்ல, ஏதோ ஒரு வெளிச்சம் வந்தாக்கூடச் சரிதான்.”

புருஷனைக் கட்டிப்போட்ட சாமான் ஒழிந்தது என்று இவள் சந்தோஷப்பட வேண்டாமா? போயும் போயும் இதற்காக இப்படிக் கெஞ்சுகிறாளே என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கழற்றியதையெல்லாம் பழையபடி பூட்டி, துண்டிலேயே சுற்றி அவளிடம் நீட்டினான். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வெறுங்கையோடு அனுப்புகிறோம், ஆறுதலாக நாலு வார்த்தையாவது சொல்லலாம் என்று தோன்றியது.

“ஒரு விதத்துல நல்லதுன்னு வச்சுக்கோங்கக்கா. இனிமே உள்ள ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் மாட்டிப் பார்ப்பார், அப்புறம் தன்னால கழட்டி வச்சுட்டு உங்ககிட்டயும் பிள்ளைகிட்டயும் வந்துதானே ஆகணும்?”

அவள் துண்டுப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்படி நெனச்சுத்தான் தம்பி, ஏழு மாசத்துக்கு முன்னாடி நானே உள்ள இருந்த ஒயரை வெட்டிட்டேன்.”